புகை மணமும் நம் பிள்ளைகளின் சொல்வளமும்



தமிழாசிரியருக்கு விஸ்கியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது எனச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். மதுவைப் பரிந்துரைப்பது என் நோக்கமன்று. பிடிபடாத ஒரு மணத்தைச் சிலர் சொற்களால் எவ்வாறு அறிந்துகொண்டனர் என்பது நம் வகுப்பறைக்கும் பயன்படும் செய்தி.

ஸ்காட்லாந்தின் மேற்கே ஐலா என்றொரு தீவு உள்ளது. அங்கு மரங்கள் குறைவு. சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக முழுதும் மட்காமல் அமுங்கிக் கிடக்கும் ‘பீட்’ என்னும் தாவரப் படிவையே மக்கள் வெட்டி உலர்த்தி எரித்தனர். முளைகட்டிய பார்லியையும் அதன் புகையில் காயவைத்தனர். புகையிலுள்ள ஃபீனால் சேர்மங்கள் தானியத்தில் படிந்து, அதிலிருந்து வடிக்கும் ‘சிங்கிள் மால்ட்’ விஸ்கியிலும் ஓரளவு தங்கிவிடுகின்றன. ஆர்ட்பெக் ஆலை பயன்படுத்தும் பார்லியில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 55 பங்கு ஃபீனால் உண்டு. பெங்களூரின் அம்ருத் ஆலை வடிக்கும் ‘ஃபியூஷன்’ வகையிலும், இந்திய பார்லியுடன் புகையூட்டிய ஸ்காட்லாந்து பார்லி சேர்கிறது.

முதன்முறை முகர்பவருக்கு அது மருத்துவமனைத் தரையை நினைவூட்டும். காரணம் உண்டு: சில கிருமிநாசினிகளில் உள்ள கிரெசால் இப்புகையிலும் இருக்கிறது. தேர்ந்த சுவைஞரோ அத்துடன் நிறுத்துவதில்லை. சில துளி நீர் சேர்த்து, பருகுமுன் பொறுமையாக முகர்ந்து, தார், சாம்பல், கடற்பாசி, உப்புக்காற்று, சுட்ட மீன் எனப் பிரித்துப் பெயரிடுகின்றனர். பெயரிடப் பெயரிட, ஒரே வாடையாகத் தோன்றியது பல மணங்களாக விரிகிறது.

பீட் புகை சிங்கப்பூருக்குப் புதிதன்று. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் பீட் நிலங்கள் எரியும்போது நம்மைச் சூழும் புகைமூட்டத்தில் அதுவும் கலந்துள்ளது. 2013 ஜூன் 21ஆம் தேதி காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. ஆங் மோ கியோவில் எதிர்ப் புளோக்கே மங்கலாகத் தெரிந்தது. ஆயினும் புகைமூட்டத்தைப் பற்றி எழுதும் மாணவர்கள் ‘துர்நாற்றம் வீசியது’ என்பதைத் தாண்டுவதில்லை. அவர்களின் கட்டுரைகளில் உலகின் மணங்கள் இரண்டே: நறுமணம், துர்நாற்றம்.

தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? மிளகாய் வறுத்தால் நெடி, அது தொண்டையில் ஏறினால் கமறல், அடிப்பிடித்த சோற்றில் காந்தல், பழைய எண்ணெயில் சிக்கு வாடை, மீனில் கவிச்சி. இன்று கெட்டதை மட்டும் குறிக்கும் ‘நாற்றம்’ என்ற சொல், சங்க காலத்தில் பூவின் மணத்தையும் குறித்தது.

இச்சொற்கள் வாழும் இடம் பெரும்பாலும் அடுக்களை. வீட்டுப் பேச்சு ஆங்கிலமாக மாறும்போது அவை பாட்டியோடு முடிந்துபோகின்றன. சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதால் மீள்வதில்லை. ஆகவே ஆசிரியர்கள் ஓமம், சுக்கு, சாம்பிராணி, சுட்ட கொட்டாங்கச்சி ஆகியவற்றை வகுப்புக்குக் கொண்டுவரலாம். பிள்ளைகள் கண்ணை மூடி முகர்ந்து, எதைப் போல் இருக்கிறது என்று சொல்லட்டும். பொருத்தமான சொல்லை நாம் பிறகு தருவோம். பெற்றோர்களே, தாளிக்கும்போது பிள்ளையை அருகில் அழைத்து, “என்ன வாசனை வருகிறது?” எனத் தமிழில் கேளுங்கள்.

உங்கள் வீட்டில் வழங்கும் மணச் சொற்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். வகுப்பில் பயன்படுத்திக்கொள்கிறேன்.