ஊராட்சி ஒன்றியம் வரை இறங்கி வரட்டும் திட்டம்

மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியத் திட்டமிடலின் இன்றைய அடித்தளம் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். ஐ.நா. பொதுச்சபை 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் உறுதி செய்தது. அதற்கு இணங்க எழுதப்பட்ட இச்சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றிருந்த 7 வகைக் குறைபாடுகள் இதில் 21 ஆயின. ஆட்டிசம், தசைச்சிதைவு, கற்றல் குறைபாடு, தலசீமியா, பார்க்கின்சன் நோய் முதலியவை அங்கீகாரம் பெற்றன. அரசுப் பணியில் 4 விழுக்காடும், உயர்கல்வியிலும் வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும் 5 விழுக்காடும் இடஒதுக்கீடு உறுதியானது. நலன் என்பதிலிருந்து உரிமை என்பதற்கு அரசு நகர்ந்ததன் சான்று இது.

சட்டத்தின் வீச்சில் குறை சொல்ல அதிகமில்லை. அந்த உரிமை விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் போன்ற ஊரகப் பகுதிக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதில்தான் திட்டமிடலின் தரம் தெரியும். நாட்டின் மாற்றுத்திறனாளிகளில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் கிராமங்களில் வாழ்பவர்கள்.

திட்டமிடலின் முதல் படி கணக்கு. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். இது மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. தமிழ்நாட்டில் இந்த எண்ணிக்கை சுமார் 11.8 லட்சம். அந்தக் கணக்கெடுப்பு கேட்டது 8 வகைகளை மட்டுமே. சட்டம் 21 வகைகளை ஏற்ற பிறகும் திட்டங்கள் பழைய எண்ணிக்கையையே சார்ந்திருக்கின்றன. ஆட்டிசம் உள்ள குழந்தை அந்தக் கணக்கில் தெளிவாகத் தெரிவதில்லை. 2027 கணக்கெடுப்பு இக்குறையைத் தீர்க்க வேண்டுமானால், 21 வகைகளையும் கேட்பதோடு, கேட்கத் தெரிந்த கணக்கெடுப்பாளர்களையும் உருவாக்க வேண்டும்.

இரண்டாம் படி சான்றிதழ். உதவித்தொகை, உதவி உபகரணம், இடஒதுக்கீடு ஆகிய எல்லாவற்றுக்கும் வாசல் யுடிஐடி எனப்படும் தேசிய அடையாள அட்டையே. விண்ணப்பம் இணையவழியில் நடந்தாலும் மதிப்பீட்டுக்கு மருத்துவர் முன் நேரில் நிற்க வேண்டும். வானூர் வட்டம் புதுச்சேரியை ஒட்டியிருப்பதால் ஜிப்மர் மருத்துவமனை இப்பகுதி மக்களுக்கு அருகிலேயே உள்ளது. ஆனால் உதவித்தொகையும் மாநில அரசின் பிற சலுகைகளும் தமிழ்நாட்டு நிர்வாகத்தின் வழியே வருவதால், அவற்றுக்காக விழுப்புரத்தை நோக்கித்தான் பயணப்பட வேண்டும். உள்கிராமம் ஒன்றிலிருந்து, பக்கவாதத்தால் நடக்க இயலாத ஒருவரை அழைத்துப் போவதென்றால் உடன் செல்பவரின் ஒருநாள் கூலியும் போகும்; மருத்துவர் இல்லாத நாளில் போய்விட்டால் இன்னொரு நாளும் போகும். முடநீக்கியல், கண், காது மூக்கு தொண்டை, மனநலம் ஆகிய துறைகளின் மருத்துவர்கள் குறித்த தேதியில் ஒன்றியத் தலைமையிடத்துக்கு வரும் முகாம், ஆண்டுக்கொரு நிகழ்ச்சியாக இல்லாமல் மாதந்தோறும் நடக்கும் பணியாக மாற வேண்டும். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே மதிப்பீடு செய்ய வேண்டும்.

மூன்றாம் படி வருமானப் பாதுகாப்பு. இங்கே திட்டமிடலின் உள்முரண் வெளிப்படையாகத் தெரிகிறது. சட்டம் 40 விழுக்காட்டுக் குறைபாட்டைத் தகுதி அளவாக வைக்கிறது. மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியமோ 80 விழுக்காடு குறைபாடும் வறுமைக்கோட்டுக்குக் கீழான நிலையும் கேட்கிறது. 79 வயது வரையிலானவர்களுக்கு அது தரும் தொகை மாதம் 300 ரூபாய். 2012 முதல் அது உயரவே இல்லை. தமிழ்நாடு அரசு 2023 ஜனவரியில் தன் உதவித்தொகையை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தியது. ஆந்திரத்தில் 2024 முதல் 6,000 ரூபாய் வழங்கப்படுகிறது. ஒரே சட்டத்தின் கீழ் வரும் குடிமக்களின் வாழ்வு மாநில எல்லைக் கோட்டைப் பொறுத்து இப்படி மாறுவது, தேசிய அளவில் குறைந்தபட்ச வரையறை இல்லாததன் விளைவு.

நான்காவது, தடையற்ற சூழல். 2015 டிசம்பர் 3 அன்று தொடங்கிய சுகம்ய பாரத் இயக்கம் முக்கிய நகரங்களின் அரசுக் கட்டடங்கள், ரயில் நிலையங்கள், விமான நிலையங்கள் ஆகியவற்றை முன்னிறுத்தியது. ஆனால் ஒரு கிராமத்துவாசிக்கு அரசு என்பது கிராம நிர்வாக அலுவலகம், நியாயவிலைக் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், தொடக்கப்பள்ளி, பேருந்து நிறுத்தம் ஆகியவைதாம். இருக்கும் பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுகளுக்குள் மாற்றியமைக்கச் சட்டம் பணித்தது. 2017 ஜூனில் விதிகள் வெளியானதிலிருந்து கணக்கிட்டால் அந்தக் கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அணுகல்தன்மை குறித்த 15ஆம் விதி வெறும் பரிந்துரையாக நின்றுவிட்டது சட்டத்துக்கு முரணானது என்று கூறி, கட்டாய விதிகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. கட்டாயம் என்ற சொல்லின் பயன் சாய்தளத்தின் சரிவு, கைப்பிடியின் உயரம், கழிப்பறைக் கதவின் அகலம் ஆகியவற்றில் தெரிய வேண்டும். பணி முடிந்ததாகச் சான்று தரும் பொறியாளர் அவற்றை அளந்து பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, நிதி. 2025–26 நிதிநிலை அறிக்கையில் மத்திய மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறைக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 1,275 கோடி ரூபாய். பிற துறைகளின் திட்டங்கள் தனி என்றாலும், 2011 எண்ணிக்கையால் இதை வகுத்தால் ஆண்டுக்கு ஒருவருக்கு 500 ரூபாய்கூட வருவதில்லை. தேசிய அளவிலான மறுவாழ்வுச் சேவை கிராமத்தை எட்டாததற்கு இதுவே முதற்காரணம். முட்டுக்காட்டில் இயங்கும் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனத்தைப் போன்றவை சிறந்த வல்லுநர்களை உருவாக்குகின்றன. ஒன்றிய அளவிலோ, வட்டார வள மையத்துக்குக் குறிப்பிட்ட நாட்களில் வந்துபோகும் இயன்முறை மருத்துவரும், வீடுவீடாகச் செல்லும் சிறப்பாசிரியரும்தான் முழுச் சுமையையும் தாங்குகிறார்கள். அவர்களின் சேவையும் பள்ளி வயதோடு முடிந்துவிடுகிறது. பதினெட்டு வயதைக் கடந்த மூளை முடக்குவாத இளைஞருக்கு அதன்பின் யார் பொறுப்பு என்பதற்குத் திட்டத்தில் தெளிவான விடை இல்லை. உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு நடத்தும் உரிமைகள் திட்டமும், அதன் ‘விழுதுகள்’ ஒருங்கிணைந்த சேவை மையங்களும் இந்த இடைவெளியை நிரப்பும் நல்ல முயற்சி. கடன் காலம் முடிந்த பின்னும் அவை நிலைக்க வேண்டுமானால் ஊழியர்களை நிரந்தரப் பணியிடங்களில் அமர்த்த வேண்டும்.

இறுதியாக, முடிவெடுப்பதில் பங்கு. ஊராட்சிகளிலும் நகர்ப்புற உள்ளாட்சிகளிலும் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வழிசெய்யும் சட்டத் திருத்தங்களைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. மாநிலத்தின் 12,000க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளிலும் 388 ஊராட்சி ஒன்றியங்களிலும் இது பொருந்தும். வானூர் ஒன்றியமும் அதன் ஊராட்சிகளும் அவற்றுள் அடங்கும். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் எழுதப்படும் அறையில் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் ஓர் இருக்கை சட்டப்படி கிடைக்கிறது என்பது பெரிய மாற்றம்.

அந்த இருக்கை பயன்தர, மறுவாழ்வுத் துறையினர் செய்ய வேண்டிய பணி தெளிவானது. தத்தம் ஒன்றியத்தில் சான்றிதழ் இல்லாதவர், உபகரணம் பழுதானவர், பள்ளியை விட்டு நின்றவர் ஆகியோரின் பட்டியலைத் தொகுத்து, நியமன உறுப்பினர் வழியே கிராமசபையில் தீர்மானமாக்கி, மாவட்ட ஆட்சியரின் மேசைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மத்திய அரசு ஊராட்சி ஒன்றியத்தையே திட்டத்தின் அலகாக ஏற்று, நிதியையும் பணியிடங்களையும் காலக்கெடுவையும் அந்த அளவில் வகுக்க வேண்டும். அதுவரை 2016ஆம் ஆண்டுச் சட்டம் கிராமத்து மாற்றுத்திறனாளிக்கு அரைகுறையாகவே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ள வேண்டும்.