அறிந்து வைப்போம்: அட்டைக்குள் இருக்கும் படங்கள்



எங்கள் வீடுகளில் கமெராவைக் கையில் வைத்திருந்தவர் பெரும்பாலும் கணவர், அண்ணன் அல்லது மூத்த மகன். பற்றரி போடுவது, வயர் கொழுவுவது, படத்தைக் கணினியில் ஏற்றுவது எல்லாம் அவர்களுடைய வேலையாகவே இருந்தன. நாங்கள் படத்தில் நின்றோம், கருவியைத் தொடவில்லை. இன்று அந்த மனிதர் இல்லாத வீடுகள் பல. அவர் பாவித்த கமெராவோ, அதற்குள் இருந்த மெமரி காட்டோ மட்டும் அலுமாரி மூலையில் ஒரு சீலைத் துண்டில் சுற்றியபடி இருக்கிறது. அதைத் திறந்து பார்க்க வழி தெரியாமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் பெண்களை எனது வேலையில் அடிக்கடி சந்திக்கிறேன்.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்ட பின்னர் வெளிநாட்டு உறவினர் பலர் வன்னிக்கு வந்து போயினர். டிஜிற்றல் கமெரா பரவத் தொடங்கிய காலமும் அதுவே. 2006 ஓகஸ்ட்டில் பாதை மூடப்படும் வரை திருவிழா, கலியாணம், சாமத்தியச் சடங்கு என்று எத்தனையோ படங்கள் எடுக்கப்பட்டன. பின்னர் வந்த இடப்பெயர்வுகளில் அல்பங்கள் போயின. சிறிய அட்டை என்றபடியால் சிலரிடம் அது மட்டும் மிஞ்சியது. சில தாய்மாருக்கு அதற்குள் இருப்பதுதான் பிள்ளையின் கடைசிப் படம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் உறவுகள் ஏந்தி இருந்தவை படங்களே என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு படத்தின் பெறுமதி எங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஆகவே கடையில் ஒருவர் “இது பழுது, எறியுங்கோ” என்று சொன்னவுடன் நம்பிவிடாதீர்கள். அட்டை வாசிக்கப்படாமல் போவதற்குப் பழுது மட்டுமே காரணம் அல்ல.

எல்லா அட்டையும் ஒன்றல்ல

ஆரம்ப காலத்தில் வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு வகை அட்டைகளைப் பாவித்தன. சோனி கமெராவில் நீண்டு ஒடுங்கிய மெமரி ஸ்ரிக் இருந்தது. ஒலிம்பஸ், ஃபுஜிஃபில்ம் நிறுவனங்கள் 2002இல் எக்ஸ்டி என்னும் மிகச் சிறிய அட்டையைக் கொண்டுவந்தன. அதற்கு முன்னர் ஸ்மார்ட் மீடியா என்ற மெல்லிய அட்டை இருந்தது. இன்று கடைகளில் உள்ள காட் ரீடர்கள் பலவற்றில் இவற்றுக்கு இடமே இல்லை. அட்டை நல்லதாக இருந்தாலும் அதைப் போடும் வாய் இல்லை, அவ்வளவுதான். அந்த அட்டை இருந்த பழைய கமெராவே அதற்குச் சரியான ரீடர். கமெரா இயங்குமானால் அதன் வயரைத் தேடிப் பிடித்துக் கணினியில் கொழுவலாம். கமெராவை வாங்கித் தந்த உறவினரிடம் பழைய வயரோ ரீடரோ இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள்.

1999இல் அறிமுகமான எஸ்டி அட்டைதான் இன்று பொதுவானது. அதிலும் வகைகள் உண்டு. முதலில் வந்தவை 2 ஜிகாபைட் வரை கொள்பவை. 2006இல் வந்த எஸ்டிஎச்சி வகை 32 ஜிகாபைட் வரை கொள்ளும். 2009இல் அறிவிக்கப்பட்ட எஸ்டிஎக்ஸ்சி அதற்கும் மேல். மூன்றும் பார்வைக்கு ஒரே அளவு. புதிய கருவி பழைய அட்டையை வாசிக்கும். பழைய கருவி புதிய வகையை வாசிக்காது. பழைய கமெராவில் பெரிய அட்டையைப் போட்டால் ‘காட் எரர்’ என்று வருவது இதனால்தான். கைத்தொலைபேசியில் உள்ள மைக்ரோ எஸ்டி அட்டையை அடப்டரில் செருகிப் பாவிக்கும்போது அடப்டர் பழுதாக இருந்தாலும் அட்டை செத்தது போலவே தெரியும். வேறு அடப்டரில் போட்டுப் பாருங்கள். அட்டையின் செப்பு நிறக் கோடுகளில் அழுக்குப் படிந்திருந்தால் உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். தண்ணீர் வேண்டாம்.

‘ஃபோர்மட்’ என்று கேட்டால்

கணினிக்கு அட்டை விளங்காதபோது ‘ஃபோர்மட் செய்யவா?’ என்று கேட்கும். ‘ஆம்’ என்பதை அழுத்த வேண்டாம். ஃபோர்மட் என்பது அட்டையை வெறுமையாக்கிப் புதிதாக ஒழுங்குபடுத்துவது. ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு அட்டையைக் கழற்றி வேறு ரீடரில், வேறு கணினியில் போட்டுப் பாருங்கள்.

எஸ்டி அட்டையின் ஓரத்தில் ‘லொக்’ என்று எழுதிய சிறு தள்ளு ஆளி ஒன்று உண்டு. கடைக்குப் போக முன்னர் அதை ‘லொக்’ பக்கம் தள்ளி விடுங்கள். பெரும்பாலான ரீடர்களில் படங்களைப் பார்க்கவும் பிரதி எடுக்கவும் முடியும், அழிக்க முடியாது.

தவறுதலாக அழிந்துவிட்டால் மனம் உடைய வேண்டாம். நாம் ‘அழி’ என்று சொல்லும்போது படம் உடனே மறைவதில்லை. அந்த இடம் காலியானது என்று அட்டை குறித்து வைக்கிறது, அவ்வளவே. அதன் மேல் புதிய படம் விழும்போதுதான் பழையது உண்மையில் போகிறது. ஆகவே அதே அட்டையில் ஒரு படம் கூட எடுக்காமல் கழற்றி வையுங்கள். போட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கள் மூலம் பல சமயங்களில் மீட்கலாம். மீட்ட படங்களை அதே அட்டையில் சேமிக்கக் கூடாது. கணினியில் சேமிக்க வேண்டும். அட்டை உடைந்திருந்தாலோ உள்ளே எரிந்திருந்தாலோ மென்பொருளால் பயன் இல்லை.

கடைக்குப் போகும்போது

அழித்த படத்தை மீட்கலாம் என்பதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. உங்கள் அட்டையில் என்றோ அழித்த படங்களையும் மற்றவர் மீட்டு எடுக்கலாம். பெண்களின் படங்கள் பிழையான கைகளுக்குப் போய் வீடுகளில் எவ்வளவு பிரச்சினை வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் அட்டையை விட்டுவிட்டு வராதீர்கள். நம்பிக்கையான ஒருவருடன் போய்ப் பக்கத்தில் இருங்கள். எவ்வளவு செலவாகும் என்பதை முதலில் கேளுங்கள். வேலை முடிந்ததும் கடைக் கணினியில் உள்ள பிரதியை உங்கள் கண் முன்னே அழிக்கச் சொல்லுங்கள். அதுவும் முழுக் காப்பு அல்ல. ஆகவே கடையைத் தெரிவு செய்வதுதான் முக்கியம். பாவித்த கமெராவையோ தொலைபேசியையோ விற்கும்போது அட்டையைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய அட்டை வாங்குபவர்களுக்கும் ஒரு சொல். மலிவு விலையில் பெரிய கொள்ளளவு என்று விற்கப்படும் போலி அட்டைகள் உண்டு. மேலே 64 என்று எழுதியிருக்கும்; உள்ளே அதில் சிறு பங்குதான் இருக்கும். கணினியும் 64 என்றே காட்டும். இடம் முடிந்த பின்னர் எடுக்கும் படங்கள் பதிந்தது போலத் தெரிந்தாலும் திறக்காது. முக்கியமான நிகழ்வுக்கு முன்னர் அட்டை நிறையும் வரை ஏதாவது பதிந்து, கடைசியில் பதிந்தவை திறக்கின்றனவா என்று பாருங்கள். பற்றரி இறங்கும் நேரத்தில் படம் எடுப்பதும், விளக்கு மினுங்கும்போது அட்டையை இழுப்பதும் நல்ல அட்டையையும் கெடுக்கும்.

பெட்டகம் என்று நினைக்காதீர்கள்

அட்டை படத்தைக் கொண்டுபோகும் பை. காலம் காலமாக வைத்திருக்கும் பெட்டகம் அல்ல. அதற்குள் படம் மிக நுண்ணிய மின்னேற்றமாகவே இருக்கிறது. பல ஆண்டுகள் பாவிக்காமல் கிடந்தால் அது மெல்ல மெல்லக் கசியக்கூடும். பத்திரமாகச் சுற்றி வைத்திருக்கிறோம் என்ற ஆறுதலில் இன்னும் பத்து வருடம் விடுவது ஆபத்தானது. அடையாளம் காட்டவும், முறைப்பாட்டுடன் சேர்க்கவும், திவசத்துக்கு வைக்கவும் அந்தப் படம் தேவைப்படும் நாளில் அட்டை திறக்காமல் போகலாம்.

ஆகவே இந்த மாதம் ஒரு வேலை செய்வோம். வீட்டில் உள்ள பழைய அட்டைகள், கமெராக்கள், தொலைபேசிகள் எல்லாவற்றையும் ஒரு இடத்தில் சேருங்கள். மாதர் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தால் ஒரே ரீடரில் பலருடைய அட்டைகளைப் பார்க்கலாம். கிடைக்கும் படங்களை இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள்: ஒன்று உங்களிடம், மற்றது வேறு ஊரில் இருக்கும் சகோதரியிடம். மிக முக்கியமான நாலைந்தைக் கடதாசியில் அச்சிடுங்கள். அச்சிட்ட படத்தைப் பார்க்க மின்சாரமும் வேண்டாம், வயரும் வேண்டாம்.

அச்சிட்ட பின்னர் ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் பென்சிலால் மெதுவாகப் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதி வையுங்கள். உங்களுக்கு அந்த முகம் மறக்காது. பேரப்பிள்ளைக்கு நீங்கள் எழுதி வைத்தால்தான் தெரியும்.