அடையாறு வெள்ளமும் செயற்கைக்கோள் படமும்: எந்த ஃபார்மட்டில் சேமிப்பது? ஏன் அது முக்கியம்?

வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போதெல்லாம் சென்னை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்ற ஆரம்பிக்கும். கருப்பு வெள்ளையில் நகரம், அதன்மேல் நீலத் திட்டுகள், கீழே 'வெள்ளம் சூழ்ந்த பகுதிகள்' என்று ஒரு வரி. நந்தனத்தில் இருப்பவர் அதைப் பெரிதாக்கி, தன் தெரு நீலத்துக்குள் வருகிறதா என்று தேடுவார். எவ்வளவு பெரிதாக்கினாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

தேடும் பதில் மூலத் தரவில் இருந்திருக்கலாம். யாரோ ஒருவர் சேமித்த விதத்தில் அது தொலைந்துபோயிருக்கும்.

அடையாற்றின் வடகரையில் நந்தனம், எதிர்க்கரையில் கோட்டூர்புரம். 2015 டிசம்பர் 1-ம் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அதிகபட்சமாக விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டதாக அரசு கணக்கு சொல்கிறது. ஆற்றின் இரு கரைகளும் மூழ்கின. எங்கே, எவ்வளவு தூரம் தண்ணீர் வந்தது என்ற கேள்வி இன்றும் முடிந்தபாடில்லை. வீடு வாங்குபவர், வடிகால் திட்டம் போடுபவர் என எல்லோருக்கும் அந்த எல்லைக்கோடு தேவை.

ஜேபெக்கில் என்ன சிக்கல்?

ஜேபெக் கண்ணுக்காக உருவான ஃபார்மட். அளவைக் குறைக்க, 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, நம் கண் கவனிக்காத விவரங்களைத் தூக்கிப் போட்டுவிடும். கல்யாண ஃபோட்டோவுக்கு இது போதும். ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் ஒரு பிக்சல் என்பது தரையில் 10 மீட்டர். அப்படியென்றால் ஒரு ஜேபெக் கட்டம் 80 மீட்டர். ஆற்றங்கரையில் 80 மீட்டர் என்பது இரண்டு, மூன்று தெருக்கள்.

இன்னொன்று, வழக்கமான ஜேபெக் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அலைவரிசைகளை, ஒவ்வொன்றுக்கும் 256 நிலைகளில் மட்டுமே வைத்திருக்கும். தண்ணீரைக் கண்டுபிடிக்க உதவும் அகச்சிவப்புக்கு அதில் இடமே இல்லை. பச்சையையும் அகச்சிவப்பையும் ஒப்பிட்டுத்தான் நீர்க் குறியீடு கணக்கிடப்படுகிறது. அந்தப் படம் பூமியில் எந்த இடம் என்ற தகவலும் ஜேபெக்கில் இருக்காது. அதற்குத் தனியாக ஒரு சின்ன ஃபைல் வேண்டும். வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு ஆகும்போது முதலில் காணாமல் போவது அதுதான்.

அப்போ எதில் சேமிக்கணும்?

கணக்குப் போடப் போகிறீர்கள் என்றால் ஜியோடிஃப். எத்தனை அலைவரிசை இருந்தாலும் அப்படியே தாங்கும், இடத் தகவலும் ஃபைலுக்குள்ளேயே இருக்கும். இதன் புதிய வடிவமான 'கிளவுட் ஆப்டிமைஸ்டு ஜியோடிஃப்' இன்னும் வசதி. சென்டினல்-2 படத்தின் ஒரு துண்டு சுமார் 110 கி.மீ. நீளம், அதே அகலம். முழுவதையும் இறக்காமல், நந்தனம் இருக்கும் மூலையை மட்டும் இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மொபைல் டேட்டாவில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் ஃபார்மட் சரியாக இருந்தும் சொதப்பலாம். நீர்க் குறியீட்டின் மதிப்பு -1 முதல் +1 வரை. அதை முழு எண்ணாக மாற்றிச் சேமித்தால் 0.3 என்பது 0 ஆகிவிடும், ஆறும் மைதானமும் ஒன்றாகிவிடும். தசம எண்ணாகவே வைக்க வேண்டும். கூகுள் எர்த் என்ஜினில் பிக்சல் அளவைக் குறிப்பிடாமல் ஏற்றுமதி செய்தால், அது தானாக 1,000 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளும். மொத்த நந்தனமும் இரண்டு, மூன்று புள்ளிகளில் முடிந்துவிடும். புதிதாகப் பழகுபவர்களில் இதில் விழாதவர் குறைவு.

வெள்ள எல்லையைக் கோடாக வரைந்த பிறகு வேறு கதை. பலரும் இன்னும் ஷேப்ஃபைலில்தான் அனுப்புகிறார்கள். அது ஒரே ஃபைல் அல்ல, குறைந்தது மூன்று ஃபைல்கள் சேர்ந்த மூட்டை. ஒன்றை மட்டும் அனுப்பினால் திறக்காது. தமிழுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. அட்டவணைத் தலைப்புக்கு 10 பைட்டுகள்தான் அனுமதி. யூனிகோடில் ஒரு தமிழ் எழுத்துக் குறிக்கு 3 பைட் ஆகும். 'தெருப்பெயர்' என்று தலைப்பு வைத்தால் 'தெர' என்பதோடு நின்றுவிடும். ஜியோபேக்கேஜில் இந்தத் தொல்லை இல்லை, எல்லாம் ஒரே ஃபைலில் அடங்கும். பக்கத்து வீட்டுக்காரர் மொபைலில் பார்த்தால் போதும் என்றால் கே.எம்.எல். அனுப்பலாம், கூகுள் எர்த்தில் நேராகத் திறக்கும்.

மழைத் தரவு நெட்சிடிஎஃப் என்ற ஃபார்மட்டிலும் வரும். நாள்வாரியாக அடுக்கிவைக்க நல்லது. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மழைக் கட்டம் ஒன்றின் அகலம் கால் டிகிரி, அதாவது சுமார் 27 கி.மீ. அதில் நந்தனத்தைத் தனியாகத் தேடுவதில் அர்த்தமில்லை.

தரவு எங்கே கிடைக்கும்?

5 மீட்டரும் அதைவிடப் பருமனான பிக்சல்களும் கொண்ட அரசு செயற்கைக்கோள் தரவுகளை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது 2023 இந்திய விண்வெளிக் கொள்கை. தேசிய தொலையுணர்வு மையத்தின் 'பூநிதி' தளத்தில் பதிவு செய்து இறக்கலாம்.

மழை நாளில் மேகம் மறைப்பதால் சாதாரண படம் உதவாது. 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட இஓஎஸ்-04, ஐரோப்பாவின் சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள்கள்தான் வேண்டும். ரேடாரில் திறந்தவெளித் தண்ணீர் கருப்பாகத் தெரியும், ஆறும் மைதானமும் பளிச்சென்று பிரிந்துவிடும். கட்டடங்களுக்கு நடுவே நிற்கும் தண்ணீர் அப்படி இல்லை. சுவரில் பட்டுத் திரும்பும் அலை அந்த இடத்தை வெள்ளையாகக் காட்டிவிடும். ஆகவே படத்தில் நீலம் இல்லாத தெருவில் தண்ணீர் வரவில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்தத் தெருக்களுக்கு, 2015 தண்ணீர் சுவரில் விட்டுப்போன கறையின் உயரத்தை அளந்து, அதே ஜியோபேக்கேஜில் ஒரு புள்ளியாகச் சேர்ப்பதுதான் வழி.