உத்தியோகமும் உண்மையும்

உங்கள் பிள்ளைக்கு மத்திய சர்க்கார் உத்தியோகம் கிடைத்துவிட்டதா? ரொம்ப சந்தோஷம்! ஆனால் பாயசம் வைக்குமுன், வந்திருக்கும் 'அட்டெஸ்டேஷன்' பாரத்தை நிதானமாகப் படியுங்கள்.

கடந்த 5 வருஷத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் எங்கெங்கே குடியிருந்தான் என்று கேட்டிருக்கும். பழைய விலாசங்களைத் தேடி எடுத்துவையுங்கள்.

எப்போதாவது கைதானதுண்டா, வழக்கு நடந்ததுண்டா என்றும் கேட்டிருக்கும். இங்கேதான் வீட்டுப் பெரியவர்கள் யோசனை சொல்ல வருவார்கள். "காலேஜ் ஊர்வலத்தில் பிடித்ததுதானே? கோர்ட்டில்தான் விடுதலையாகிவிட்டதே! 'இல்லை' என்று எழுதுடா!"

வேண்டவே வேண்டாம்! கேள்வி தண்டனையைப் பற்றி மட்டுமல்ல, கைதைப் பற்றியும்தான். தகவலை மறைத்தால் தகுதி போய்விடும் என்று பாரத்தின் ஆரம்பத்திலேயே எச்சரித்திருக்கிறது.

2016-ல் அவதார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஒன்று சொன்னது: இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கானால், மறைத்ததைக்கூட மேலதிகாரிகள் மன்னிக்கலாம். மன்னிக்கலாம் என்றுதான் சொன்னது. மன்னித்தே ஆகவேண்டும் என்றல்ல!

உண்மையை எழுதினால் வேலை நிச்சயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உண்மை சொன்னவனுக்கு வாதாட வாய் இருக்கும். மறைத்தவனோ வாசலில் தபால்காரர் குரல் கேட்டாலே திடுக்கிடுவான்.

ஆகவே, பேனாவைப் பிள்ளையிடம் கொடுங்கள். அந்த யோசனையை மட்டும் கொடுக்காதீர்கள்!