தயக்கம் கருவியிடமன்று!

ஆசிரியப் பயிற்சி பெறும் இளைஞர், அறிவியல் கற்பித்தலில் புதிய நுட்பக் கருவிகளைக் கையாள விரும்புவதில்லை என்று கல்வி மேடைகளிற் குறை கூறுவோர் உளர். கையில் திறன்பேசியின்றி ஒரு நாழிகையும் இராத தலைமுறையா கருவிக்கு அஞ்சும்?

மாந்தர் கணினியை ஏற்பதும் மறுப்பதும் எதனால் என்று ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் பிரெட் டேவிசு, 1989இல் இரு கரணியங்களை முன்வைத்தார். இது பணிக்குப் பயன்படும் என்னும் எண்ணம் ஒன்று. இடரின்றிக் கையாளலாம் என்னும் எண்ணம் மற்றொன்று. தமிழ்வழிப் பயின்ற பயிற்சியாசிரியர்க்கு முன்னது நிறையவே உண்டு. பின்னதே முறிகின்றது.

மின்னோட்டப் பாடத்தையே எடுத்துக்கொள்க. கம்பியினுள் எதிர்மின்னிகள் நகர்வதை உண்மைக் கம்பி காட்டாது. கொலராடோப் பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கப்பெற்ற 'பெட்' திட்டத்தின் ஒப்புரு காட்டும். திரையிலேயே மின்கலத்தையும் விளக்கையும் இணைத்து, மின்தடையை ஏற்றினால் ஒளி மங்குவதையும் இறக்கினால் பொலிவதையும் மாணாக்கர் தாமே கண்டறியலாம். ஆயின் திரையிலுள்ள பெயரெல்லாம் ஆங்கிலமாயிருப்பின், பாடவேளையிற் பாதி சொற்பெயர்ப்பிலேயே கழியும். "ஐயா, அச்சொல்லுக்கு என்ன பொருள்?" என்று பின்னிருக்கைச் சிறுவன் வினவ, ஆசிரியரும் தடுமாறினால், மறுநாள் அவர் சுண்ணக்கட்டியைத்தானே நாடுவார்? அதனை விருப்பமின்மை என்று எழுதிவிடுவது எளிது. (மேற்பார்வையாளர் வரும் நாளில் மட்டும் திரை ஒளிர்வதும் உண்டு, மறைப்பதற்கில்லை.)

பெட் ஒப்புருக்களின் சொற்களைப் பிறமொழிகளில் பெயர்க்க அத்திட்டத்தாரே வழி வகுத்துள்ளனர். தமிழிலும் சில வந்துள்ளன. கல்வியியற் பட்டப்படிப்பு 2015இல் ஈராண்டாக நீட்டப்பெற்றது. அவ்வீராண்டில் பயிற்சியாசிரியர் ஒவ்வொருவரும் ஓர் ஒப்புருவையேனும் தமிழாக்கி, அதனைக்கொண்டே வகுப்பெடுத்தல் வேண்டும் என்று வகுத்தால் என்ன? ஏடு நிரப்பும் வெற்று ஒப்படைப்புகளினும் இது மேலன்றோ? 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், தமிழ் கற்று, மானிப்பாயில் மருத்துவத்தையே தமிழிற் கற்பித்தார். அதற்கான நூல்களையும் ஆக்கினார். அயலார்க்கு இயன்றது நம் பிள்ளைகட்கு இயலாதா?

தனித்தமிழன்பர்க்கும் இதிற் பொறுப்புண்டு. பாடநூல் 'எலக்ட்ரான்' என்கின்றது. ஓர் அகரமுதலி 'எதிர்மின்னி' என்கின்றது. மற்றொன்று 'மின்னணு' என்கின்றது. பயிற்சியாசிரியர் எதனைத் திரையிற் பொறிப்பார்? சொல்லாக்குவோர் பயிற்சிக் கல்லூரி வாயிலை மிதித்து, அவ்விளைஞரோடு ஒரு பலகையில் அமர்ந்து, ஒப்புரு ஒவ்வொன்றிற்கும் சொற்பட்டியை முடிவுசெய்து தருதல் வேண்டும். மின்னோட்டத்திலேயே தொடங்கலாம்.