பின்னாடி இருப்பவரையும் கொஞ்சம் கவனிங்க!

ராஜா அண்ணாமலைபுரத்தில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு வருஷத்தில் பதினோரு மாசம் அக்ரிமென்ட், பன்னிரண்டாவது மாசம் 'குட்டி யானை'! 2005-ல் டாடா கம்பெனி 'ஏஸ்' என்று பெயர் வைத்து இறக்கிய வண்டிக்கு நம் ஜனங்கள் சூட்டிய செல்லப் பெயர் அது. பீரோ, கட்டில், கிரைண்டர், துளசிச் செடி, அதன் மேலே பாலன்ஸுக்கு ஒரு மைத்துனன்... அத்தனையும் ஏற்றிக்கொண்டு மந்தைவெளி பக்கம் வண்டி கிளம்பும்போது உங்கள் கவலையெல்லாம் கண்ணாடி டீபாய் மேல்தான் இருக்கும். ஒரு நிமிஷம் குனிந்து, பின் சக்கரங்களுக்கு நடுவே பாருங்கள்.

பூசணிக்காய் மாதிரி ஓர் இரும்பு உருண்டை தெரிகிறதா? அதுதான் டிஃபரன்ஷியல். மெக்கானிக் பாஷையில் 'கிரவுன்'.

இன்ஜினிலிருந்து நீளவாக்கில் வரும் சுழற்சியைத் திருப்பி இரண்டு பின் சக்கரத்துக்கும் கொடுப்பது இவர்தான். இன்னொரு வேலையும் உண்டு. கிரீன்வேஸ் ரோடில் வண்டி ஒரு யூ டர்ன் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரங்களுக்கு நடுவே 1.3 மீட்டர் இடைவெளி இருந்தால், வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட சுமார் 4 மீட்டர் அதிகம் ஓடியாக வேண்டும். இரண்டையும் ஒரே இரும்புக் கம்பியில் இறுக்கிக் கட்டியிருந்தால் டயர் தேயும், வண்டி முரண்டு பிடிக்கும். 'நீ கொஞ்சம் வேகமா போ, நீ மெதுவா வா' என்று இருவரையும் சமாதானம் செய்து அனுப்புவது டிஃபரன்ஷியல். மாமியார் மருமகள் உள்ள வீட்டில் மாமனார் மாதிரி. சத்தமே வராது!

சத்தம் வராததுதான் சிக்கல். இன்ஜின் ஆயிலை எல்லோரும் மாற்றுகிறார்கள். கிரவுன் ஆயிலை?

"அண்ணே, ஆயில் சர்வீஸ் பண்ணியாச்சுல்ல?"

"முன்னாடி பண்ணியாச்சு தம்பி. பின்னாடி எப்ப மாத்துன?"

"பின்னாடியும் ஆயிலா?"

எந்த ஒர்க் ஷாப்பிலும் கேட்கக்கூடிய வசனம் இது. அந்தத் தம்பிக்கு வண்டிதான் சோறு. மாசம் பிறந்தால் டியூ. கிரவுனும் பினியனும் தேய்ந்து 'உய்ய்ங்' என்று பாட ஆரம்பித்த பிறகு ஆயில் மாற்றினால் தேய்ந்த பல் முளைக்காது. ஓரிரு லிட்டர் ஆயிலுக்கு யோசித்தவர், மொத்த செட்டையும் மாற்றிவிட்டு, வண்டி நிற்கும் நாளுக்கு வாடகையும் இழப்பார்.

அங்கே போய் எந்த ஆயிலையும் ஊற்றக் கூடாது. கிரவுன் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று உருளுவதோடு வழுக்கி உரசவும் செய்யும். அந்த அழுத்தத்தைத் தாங்க கந்தகம், பாஸ்பரஸ் சேர்த்த கெட்டியான கியர் ஆயில் வேண்டும். திறந்தால் அழுகின முட்டை வாடை வருவது இதனால்தான். டப்பாவில் 80 டபிள்யூ 90, ஜி.எல்.5 என்கிற மாதிரி போட்டிருக்கும். உங்கள் வண்டிக்கு எது, எவ்வளவு, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பதைக் கம்பெனி கொடுத்த புத்தகம் சொல்லும். கடைக்காரர் சொல்வது அவரிடம் ஸ்டாக் இருப்பது!

மாற்றுவது சிரமமான வேலை இல்லை. பத்து நிமிஷம் ஓட்டி ஆயிலைச் சூடாக்குங்கள். அப்போதுதான் இளகி முழுசாக இறங்கும். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுப்பது வீரமில்லை.

இப்போது முக்கியமான விஷயம். முதலில் மேலே உள்ள, ஆயில் ஊற்றும் போல்ட்டைக் கழற்றுங்கள். அது வந்த பிறகே கீழ் போல்ட். கீழே எல்லாவற்றையும் வடித்துவிட்டு, மேல் போல்ட் துருப்பிடித்து வர மறுத்தால், வண்டி அங்கேயே தவம் கிடக்கும்.

கீழ் போல்ட்டில் காந்தம் இருந்தால் துடைக்குமுன் பாருங்கள். மை போல இரும்புத் தூள் ஒட்டியிருந்தால் சகஜம். துண்டு துண்டாகப் பல் கிடந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஆயில் டீ நிறத்தில் பால் கலந்த மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர்! 2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் சக்கரம் மூழ்க நின்ற வண்டிகள் எத்தனையோ. ஆக்ஸில் மேலே மூச்சு விடும் துளை வழியாகவும், பழைய சீல் வழியாகவும் தண்ணீர் உள்ளே போகும். மூழ்கின வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது. உடனே மாற்ற வேண்டும்.

கீழ் போல்ட்டைப் புது வாஷரோடு முடுக்கிவிட்டு, மேல் துளையிலிருந்து வழியும்வரை புது ஆயில் ஊற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு அதுதான் அளவு. பாசம் காட்டி அதிகம் ஊற்றினால் சீலைத் தாண்டி பிரேக் டிரம்முக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிரேக்கில் ஆயில் என்றால் மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

பழைய ஆயிலை என்ன செய்வது? வாசல் சாக்கடை என்று நினைக்கிறீர்கள். இந்தப் பேட்டையில் சாக்கடைக்கும் அடையாறு முகத்துவாரத்துக்கும் தூரம் அதிகமில்லை. சதுப்பு நிலத்தை மீட்டு 2011-ல் தொல்காப்பியப் பூங்காவைத் திறந்தது நம் கிரவுன் ஆயிலைச் சேமிக்க அல்ல. டப்பாவில் பிடித்து, பழைய ஆயில் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க் ஷாப்பில் கொடுங்கள்.

"சார், நான் ஆபீஸுக்குக் கார்ல போறவன். எனக்கெதுக்கு இதெல்லாம்?"

உங்கள் காரிலும் அவர் இருக்கிறார். முன் சக்கரத்தால் ஓடும் கார்களில் கியர்பாக்ஸுக்குள்ளேயே குடித்தனம், பெரும்பாலும் ஒரே ஆயில். எப்போது மாற்ற வேண்டும் என்பது புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் டேஷ்போர்டில், பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் இருக்கிறது!