பொய் சொல்லாத வஞ்சகர்கள்

ஒரு புத்தகத்தைப் படிக்காமலே அதன்மீது தீர்ப்புச் சொல்லிவிடும் சாமர்த்தியம் நம்மிடையே சில பெரியவர்களுக்கு உண்டு. அட்டைப் படத்தைப் பார்ப்பார்கள். உள்ளே கூர்த்த காதுள்ள ராஜகுமாரர்களும் மந்திரக் கனிகளும் வருகின்றன என்று யாரோ சொல்லக் கேட்பார்கள். அவ்வளவு போதும். "வயது வந்தவர்கள் படிக்கிற விஷயமா இது? வெறும் குழந்தைக் கதை!" என்பார்கள். அந்தக் கதையில் கொலையும் விஷமும் சதியும் உண்டு என்று தெரிந்துவிட்டாலோ, அதே வாயால், "குழந்தைகள் கையில் கொடுக்கிற விஷயமா இது?" என்பார்கள். பெரியவர்களுக்கும் ஆகாது, சிறியவர்களுக்கும் ஆகாது என்றால் பின்னே யாருக்குத்தான் ஆகும்?

நான் சொல்ல வந்தது ஹோலி பிளாக் என்ற அமெரிக்க எழுத்தாளர் எழுதிய மூன்று நாவல்களைப் பற்றி. 'தி க்ரூயல் பிரின்ஸ்' 2018-இலும், 'தி விக்கெட் கிங்', 'தி குயின் ஆஃப் நத்திங்' என்ற அடுத்த இரண்டும் 2019-இலும் வெளிவந்தன. மூன்றும் சேர்ந்து ஒரே கதை. நம் வீட்டுப் பெண்கள் சிலரும் இவற்றை விடிய விடியப் படிக்கிறார்கள். படிக்கட்டும் என்பதுதான் என் கட்சி. ஏன் என்பதைச் சொல்லுகிறேன்.

கதை இதுதான். ஏழு வயதுப் பெண் ஜூட். ஒரு நாள் வீட்டுக்கு ஒருவன் வருகிறான். அவன் மனிதன் அல்ல. ஃபேரி உலகத்தின் சேனாதிபதி. பெயர் மேடாக். தன்னை விட்டு ஓடிப்போன மனைவியையும், அவள் மணந்துகொண்ட மனிதனையும் குழந்தைகளின் கண்ணெதிரே வெட்டிச் சாய்க்கிறான். மூத்தவள் அவனுடைய சொந்த மகள். ஜூடும் அவளோடு இரட்டையாய்ப் பிறந்தவளும் அந்த மனிதனுக்குப் பிறந்தவர்கள். மனைவியின் குழந்தைகளைக் காப்பது தன் கடமை என்று மூவரையுமே தன் உலகத்துக்குக் கொண்டுபோய் வளர்க்கிறான். நன்றாகவே வளர்க்கிறான், வாள்பயிற்சி கொடுக்கிறான், தனக்குத் தெரிந்த வகையில் அன்பும் செலுத்துகிறான். தாய் தகப்பனைக் கொன்றவன் வீட்டில் உண்டு வளர்ந்து, அவன்மீது பாசமும் பகையும் ஒன்றாய்க் கலந்த நெஞ்சோடு ஒருத்தி பதினேழு வயதை அடைகிறாள். இதைக் குழந்தைக் கதை என்கிறவர்கள் குழந்தைகளைப் பற்றியும் அறியாதவர்கள், கதையைப் பற்றியும் அறியாதவர்கள்.

இந்தத் தப்பபிப்பிராயத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

ஃபேரி என்றால் விரல் நீள உருவம், வண்ணத்துப்பூச்சிச் சிறகு, பூவுக்குள் வாசம் என்று ஒரு சித்திரம் நம் மனசில் பதிந்துபோயிருக்கிறது. ஆனால் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் கிராமத்து ஜனங்கள் தலைமுறை தலைமுறையாய் அஞ்சிய ஃபேரிகள் இவை அல்ல. அவர்கள் மனித உருவம் உள்ளவர்கள்; குழந்தையைத் திருடிக்கொண்டு மாற்றுக் குழந்தையைத் தொட்டிலில் விட்டுப் போகிறவர்கள்; அவர்கள் தரும் உணவை உண்டவன் வீடு திரும்புவதில்லை. பெயரைச் சொல்லவே பயந்து அவர்களை 'நல்லவர்கள்' என்று குறிப்பிட்டார்கள். நமக்கு இது புதிதா? படமெடுக்கும் நாகத்தை நாம் 'நல்ல பாம்பு' என்று சொல்லவில்லையா? அந்த 'நல்ல'வில் எவ்வளவு நன்மை இருக்கிறதோ அவ்வளவுதான் இந்த 'நல்ல'விலும்.

இவர்களைக் குட்டையாக்கியது எழுத்தாளர்களின் கைங்கரியம். ஷேக்ஸ்பியர் ஆரம்பித்தார்; 1627-இல் 'நிம்ஃபிடியா' பாடிய டிரேட்டன் இன்னும் சுருக்கினார்; பிறகு வந்த சித்திரக்காரர்கள் சிறகு தைத்தார்கள். 1904-இல் 'பீட்டர் பேன்' நாடக மேடையில் ஃபேரி என்பது துள்ளும் ஒரு சிறு வெளிச்சமாகிவிட்டது. நாம் மட்டும் என்ன செய்தோம்? மொழிபெயர்க்கும்போது 'தேவதை' என்று போட்டோம். தேவதை என்றதும் வரம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. நம்மிடமே 'அணங்கு' என்ற சொல் இருக்கிறது. அழகும் வருத்தமும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கிறது. அழகியைக் கண்டு கலங்கி நிற்பவனைப் பற்றிய அதிகாரத்துக்கு வள்ளுவர் 'தகையணங்குறுத்தல்' என்றல்லவா பெயர் வைத்தார்? ஃபேரி என்ற சொல்லின் பழைய பொருளுக்கு அணங்கு அண்டைவீட்டுக்காரி. தேவதையோ வெகுதூரத்து உறவு.

"சரி, சாதுவான கதையாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு. 1917-இல் இங்கிலாந்தில் காட்டிங்லி என்ற ஊரில் இரண்டு சிறுமிகள் சிறகு முளைத்த ஃபேரிகளோடு நின்று புகைப்படம் எடுத்தார்கள். படத்தில் இருந்தவை வெட்டி நிறுத்திய காகிதச் சித்திரங்கள். அதை நம்பியவர் யார் தெரியுமா? ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில்! 1920-இல் பத்திரிகையில் எழுதினார். 1922-இல் தனிப் புத்தகமே போட்டார். அந்தச் சிறுமிகள் கிழவிகளாகி, 1983-இல்தான் உண்மையை ஒப்புக்கொண்டார்கள். ஆவியுலகத்தில் நம்பிக்கை வைத்தவர் டாயில். அதோடு, அந்தப் படங்கள் அவர் காலத்துச் சித்திரப் புத்தகங்களில் உள்ளபடியே அழகாக இருந்தன. அழகாயும் சாதுவாயும் இருப்பது பொய்யாக இராது என்று நம்பப் பழகியவனை ஏமாற்றக் கொஞ்சம் காகிதமும் ஒரு கத்தரியும் போதும்.

இங்கே எதிர்க்கட்சிக்காரர் ஒரு பலமான ஆயுதத்தை எடுக்க முடியும். அவருக்காக நானே எடுத்து வைக்கிறேன். 1895-ஆம் வருஷம் மார்ச் மாதம் அயர்லாந்தின் டிப்பரரிப் பிரதேசத்தில் பிரிட்ஜெட் கிளியரி என்ற இளம் பெண் தன் வீட்டு அடுப்பங்கரையிலேயே எரிக்கப்பட்டாள். எரித்தவன் கணவன். நோயில் கிடந்தவளைப் பார்த்து, "இவள் என் மனைவி அல்ல, ஃபேரிகள் அவளைக் கொண்டுபோய் இவளை வைத்துவிட்டார்கள்" என்றான். உறவினர்கள் அவளைப் பிடித்துக்கொள்ள, மூலிகைக் கஷாயத்தை வாயில் புகட்டி, "நீ யார்? நீ யார்?" என்று கேட்டுக் கேட்டு வதைத்தார்கள். அவள் செத்த பிறகு, உண்மையான மனைவி வெள்ளைக் குதிரையில் திரும்பி வருவாள் என்று அவன் பழைய கோட்டைமேட்டில் போய்க் காத்திருந்தான். கோர்ட்டு அவனுக்கு இருபது வருஷத் தண்டனை விதித்தது. "பார்த்தீரா, இருண்ட கதை என்ன செய்யும் என்று!" என்பார் எதிர்க்கட்சிக்காரர்.

பார்த்தேன். டாயில் நம்பியதையும் பார்த்தேன், கிளியரியின் கணவன் நம்பியதையும் பார்த்தேன். இரண்டு பேருமே கதையைக் கதையாக வைத்துக்கொள்ளவில்லை. அதைச் செய்தியாக எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் கேலிக்கு ஆளானார், இன்னொருவன் கொலைகாரனானான். அச்சத்தை ஒரு நாவலுக்குள் குடிவைத்துப் பார்க்கப் பழகியவள் அதை அடுத்த வீட்டுக்காரி தலையில் ஏற்றமாட்டாள். சிறகு ஒட்டிய கதையோ, அப்படி ஓர் அச்சம் இருந்ததே இல்லை என்று சாதித்து, பிரிட்ஜெட்டையும் சேர்த்து மறக்கடித்துவிடுகிறது.

இனி, இந்த நாவல்களில் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாய்ப் பட்டதைச் சொல்லுகிறேன். பழைய நம்பிக்கையிலிருந்து ஒரு விதியை ஆசிரியை எடுத்துக்கொண்டிருக்கிறார்: ஃபேரிகளால் பொய் சொல்ல முடியாது. நாக்கு அதற்கு இடம் கொடாது. ஆனால் அவர்களைப்போல் ஏமாற்றுகிறவர்களும் கிடையாது! சொல்வதெல்லாம் மெய், செய்வதெல்லாம் வஞ்சனை. பாதியைச் சொல்லி நிறுத்துவார்கள். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லமாட்டார்கள். கேட்ட கேள்விக்கு அடுத்த கேள்வியின் பதிலைச் சொல்லுவார்கள்.

வாசகர்களே, இவர்களை நீங்கள் சந்தித்ததே இல்லையா? பெண் பார்க்க வந்து, "எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்று சொன்னவர்களை? அதில் ஒரு வார்த்தை பொய் உண்டா? பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பது பொய்யா? கையெழுத்துப் போட்டவனுக்கல்லவா தெரியும், மெய்யினால் எத்தனை ஆழமாக வெட்ட முடியும் என்று! தீமை இல்லாத சொல்லே வாய்மை என்று வள்ளுவர் வரையறை செய்தார். நடந்ததை நடந்தபடி சொல்வது என்று அவர் சொல்லவில்லை. அதன் மறுபக்கத்தைக் காட்டி ஒரு நாவல் எழுதச் சொன்னால் இதைத்தான் எழுத வேண்டியிருக்கும்: பொய் கலவாத சொல்லாலேயே தீமை செய்யும் ஒரு ராஜ்யம்.

அந்த ராஜ்யத்தில் ஜூடுக்கு மந்திரம் தெரியாது, ஆயுளும் அற்பம். உணவில் உப்பைத் தூவிக்கொண்டும், மயக்கு அண்டாமல் ரோவன் மரத்தின் பழங்களைக் கோத்து அணிந்துகொண்டும் நாளைத் தள்ளுகிறாள். விஷம் வைத்துவிடுவார்களோ என்று அவளே தினம் கொஞ்சம் கொஞ்சமாய் விஷம் உண்டு உடம்பைப் பழக்குகிறாள். அவளிடம் உள்ள ஒரே ஆயுதம், அவளால் பொய் சொல்ல முடியும் என்பது. அதைவிடப் பெரிய ஆயுதத்தை அவள் அவர்களிடமிருந்தே கற்கிறாள்: சொல்லை எடைபோடுவது. இளவரசன் கார்டனிடம் ஒரு வருஷமும் ஒரு நாளும் தன் கட்டளைக்குப் பணிவதாக வாக்கு வாங்கிக்கொண்டு, அவன் எதிர்பாராத விதமாக அவன் தலையிலேயே முடியைச் சூட்டிவிடுகிறாள். அரசனுக்குக் கட்டளையிடும் அதிகாரம் ஒரு சாதாரண மனிதப் பெண்ணிடம் வந்துவிடுகிறது!

அவளே ஏமாறும் இடமும் இருக்கிறது. கதையைச் சொல்லிவிட்டானே என்று கோபிக்க வேண்டாம். இரண்டாம் புத்தகத்தின் முடிவில், அவளை ரகசியமாய் மணந்துகொண்ட கார்டன், "முடியின் மன்னிப்பு கிடைக்கும்வரை" அவளை நாடு கடத்துகிறான். மனம் உடைந்து அவள் மனித உலகத்தில் திண்டாடுகிறாள். முடி என்பது யார்? அரசியான அவளும்தானே! தன்னைத் தானே மன்னித்துக்கொண்டு மறுநாளே திரும்பியிருக்கலாம். கதவு திறந்திருந்தது, பூட்டியிருக்கிறது என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். இந்த ஓர் இடத்துக்காகவே மூன்று புத்தகங்களையும் இளம்பெண்கள் கையில் கொடுப்பேன். உன்னை வெளியே நிறுத்திய வாக்கியத்தை இன்னொரு தரம் நிதானமாகப் படி, அதிகாரம் உன் கையிலேயே இருந்தாலும் இருக்கும் என்று எந்த நீதிநூல் இவ்வளவு உறைக்கும்படி சொல்லிற்று?

"எல்லாம் சரி, இது வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடுவதுதானே?" என்பது கடைசிக் குற்றச்சாட்டு. 1939-இல் இதே கேள்விக்கு டோல்கீன் ஒரு பிரசங்கத்தில் பதில் சொன்னார்: சிறையிலிருந்து தப்புகிற கைதியையும் போர்முனையிலிருந்து ஓடுகிற சிப்பாயையும் ஒன்றாக்கிக் குழப்பாதீர்கள் என்பது அதன் சாரம். நான் இன்னும் ஒரு படி மேலே போகிறேன். விஷத்தைத் தின்று பழகி, கொலைகாரனோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து உண்ணும் ஒரு பெண்ணின் கதைக்குள் ஓடி ஒளிகிறவர் யார்? அடி வாங்குகிற பெண் மௌனமாய் அழுது கடைசிக் காட்சியில் ஜெயிக்கிற குடும்பக் கதையைப் பாருங்கள். அது சமையலறையையும் கூடத்தையும் விட்டு வெளியே போவதில்லை. ஆனாலும் அதுதான் தப்பி ஓடுகிற கதை.

குறை இல்லாமல் இல்லை. மூன்றாவது புத்தகத்தில் அரசன் பெரும் பாம்பாய் மாறுகிறான். ஜூட் அதன் தலையை வெட்டுகிறாள். உள்ளேயிருந்து அவன் முழுசாய் வந்துவிடுகிறான். இரண்டு புத்தகங்களாய், எதற்கும் விலை உண்டு, விலையில்லாமல் ஒன்றும் கிடையாது என்று சொல்லிக்கொண்டு வந்த ஆசிரியை கடைசிப் பில்லை மட்டும் தள்ளுபடி செய்துவிட்டார். இதே ஆசிரியையின் முதல் நாவலுக்கு 2002-இல் 'டைத்' என்று பெயர். ஏழு வருஷத்துக்கு ஒரு தரம் ஃபேரிகள் நரகத்துக்குக் கட்ட வேண்டியதாகப் பழைய ஸ்காட்லாந்துப் பாட்டு சொல்லும் கப்பத்தின் பெயர் அது. கப்பத்தைப் பெயராக வைத்துத் தொடங்கிய கைக்கு இந்தத் தாராளம் பொருந்தவில்லை. இவரைப் பார்த்து எழுத வருகிறவர்கள் கப்பத்தை அடியோடு எடுத்துவிட்டு, கூர்த்த காதுள்ள அழகிய மாப்பிள்ளையை மட்டும் மிச்சம் வைத்தால், அது பழைய காகிதச் சிறகுதான். கொஞ்சம் கறுப்பு மை பூசியிருக்கும், அவ்வளவே.

ஆகவே பெற்றோர்களுக்குச் சொல்லுகிறேன். உங்கள் பெண் கையிலிருந்து இந்தப் புத்தகத்தைப் பிடுங்குமுன் ஒன்றை யோசியுங்கள். பொய் சொல்லக் கூடாது என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள், நல்லது. பொய்யே சொல்லாமல் அவளை ஏமாற்ற வரப்போகிறவனைப் பற்றி என்ன கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள்? ஒன்றும் இல்லையென்றால் புத்தகத்தை அவளிடமே விட்டுவிடுங்கள். அது கற்றுக்கொடுக்கும்.